பின்சந்தில் செடி வைப்பதற்கு முன்னால்

வேலூர் கொசப்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. இரண்டு தெருக்களின் வீடுகள் முதுகோடு முதுகாக நிற்கின்றன. நடுவில் ஆறடி அகலம், எண்பதடி நீளத்தில் ஒரு சந்து. பன்னிரண்டு வீடுகளுக்குப் பொது. தை பிறப்பதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பையை அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, தொட்டிகளில் செடி வைத்திருக்கிறார்கள். சித்திரைக்குள் செடி காய்ந்துவிட்டது, குப்பை பழையபடி வந்துவிட்டது. "கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் பின்சந்துகளைத் தோட்டமாக்கி வைத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். நம்ம ஊரில் அது நடக்குமா? எங்கள் சந்தில் எது தப்பாகப் போனது? கடைசியில் மல்லிக்கொடி வைக்க ஆசை, வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

நடக்கும். உங்கள் தெருக்காரர்களின் மனசில் குறையில்லை, வேலையின் வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. செடி வைப்பது மூன்றாவது வேலை. முதலில் தண்ணீர் ஓட்டம், அடுத்து குப்பை, அதற்கப்புறம்தான் பச்சை. நம் பக்கத்தில் இப்படித் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பல சந்துகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே செடியிலிருந்து தொடங்கியவை. தேங்கி நிற்கும் சாக்கடைக்குப் பக்கத்தில் யாரும் தினமும் போய் நிற்க மாட்டார்கள். ஆள் நிற்காத இடத்தில் செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?

நீங்கள் பார்த்த மான்ட்ரியலிலும் அந்தச் சந்துகளில் குடியிருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்டு, பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தார்ப்பரப்பை உடைத்து மண்ணைத் திறக்கிறார்கள். சிகாகோவில் 2006-ல் பின்சந்துகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அங்கே பல சந்துகளுக்கு வடிகால் இணைப்பே இல்லாமல் மழைத்தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. அதனால் தண்ணீர் கீழே இறங்கும்படியான தளத்தைப் போட்டார்கள். அங்கேயும் தொடக்கம் தண்ணீர்தான்.

இந்தப் பின்சந்துகள் ஏன் இப்படி ஆயின என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தீர்வும் அதில்தான் இருக்கிறது. பழைய டவுன்களில் வீட்டுக்குப் பின்னால் எடுப்புக் கக்கூஸ் இருந்த காலம் ஒன்று உண்டு. மலத்தை அள்ளிப்போகிறவர்கள் வாசல் வழியாக வரக்கூடாது என்று பின்பக்கம் வழி விட்டார்கள். அந்த வேலையை ஒரு சாதியின் தலையில் ஏற்றிவிட்டு, மீதிப்பேர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் வாழ்ந்தார்கள். கோலமும் திண்ணையும் முன்பக்கம், கழிவெல்லாம் பின்பக்கம். அந்த முறையை 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. கக்கூஸ் போய்விட்டது, சந்து இருக்கிறது, பார்க்காமல் இருக்கும் பழக்கமும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் "வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு ஓர் ஆளை வைத்துச் சுத்தம் செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. பணம் கொடுத்து வேறொருவரை அந்த இடத்தில் இறக்கிவிட்டால் பழைய ஏற்பாடு புதுச்சட்டை போட்டு வந்துவிடுகிறது. அவரவர் வீட்டுப் பின்பக்கத்தில் அவரவர் கை பட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன் அந்தச் சந்து யாருடையது என்று பாருங்கள். வீட்டுக்காரர்களின் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தில் "பொதுச் சந்து", "பொது நடை" என்று இருக்கிறதா என்று கேளுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் விவரத்தைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். மாநகராட்சி இடம் என்றால் தரையைத் தோண்டவோ தளம் போடவோ அவர்களிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்குப் பொதுவான தனியார் இடம் என்றால் எல்லா உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் வாடகைக்கு இருப்பதால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரை முன்னால் நிறுத்துங்கள். தரைக்கடியில் காவிரிக் குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடைக் குழாய், சில இடத்தில் கரண்ட் கேபிளும் போகும். எது எங்கே போகிறது என்று தெரியாமல் கடப்பாரை போடாதீர்கள்.

அடுத்து, கூட்டம் போடுவதற்கு முன்பே உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எந்த வீட்டுக் குப்பை எங்கே விழுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது, வாய்க்கால் எந்த இடத்தில் அடைக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தெருவாசிகள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். அவர் பார்த்ததைச் சொல்வார். வெளி ஆட்கள் வந்து கொட்டுகிறார்கள் என்று தெரு முழுக்க நம்பிக்கொண்டிருக்கும். விசாரித்தால், குப்பை வண்டி காலை ஏழு மணிக்கு வந்து போய்விடுகிறது, இரவு வேலை முடிந்து வந்து தூங்கும் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் எழுந்திருப்பதே பத்து மணிக்கு என்று தெரியவரும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் பையை வாங்கி வைத்திருந்து வண்டியில் போட ஒரு பக்கத்து வீடு முன்வந்தால் விஷயம் முடிந்தது.

கூட்டத்துக்கு நேரம் பார்ப்பதும் முக்கியம். வேலூரில் ஒரே சந்தில் மூன்று மதத்துக்காரர்களும் இருப்பது சாதாரணம். ஞாயிறு காலை என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். வெள்ளி மதியம் தொழுகை. குழாயில் தண்ணீர் விடும் நாளில் பெண்கள் யாரும் வரமுடியாது. சனிக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு மேல் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். கூட்டத்தையும் யார் வீட்டுக் கூடத்திலும் போடாதீர்கள், சந்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். நாற்றம் தாங்காமல் யாராவது முகத்தைச் சுளித்தால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும். வாடகைக்கு இருப்பவர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நிறைய வாடகை வீடு, லாட்ஜ், வைத்தியத்துக்கு வந்து சில மாதம் தங்குகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டு அங்கே எதுவும் நிற்காது.

இனி தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை சந்தில் நின்று ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள். குளியலறைத் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், மாடியிலிருந்து வருகிற மழைநீர்க் குழாய், ஏசித் தண்ணீர். எந்தக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மாடிக் குழாய் ஒன்று அரையாள் உயரத்தில் வெட்டி விட்டிருக்கும். அதிலிருந்து விழும் தண்ணீர் தரையில் தெறித்து எதிர்வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குப் பச்சைப் பாசியும் ஓதமும் ஏறியிருக்கும். அந்த இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. எதிர்வீட்டு ஆயா, "இன்னாம்மா, எங்க செவுத்தப் பாத்தியா, உப்புப் பூத்து உதிருது" என்று உங்கள் கையைப் பிடித்துக் காட்டுவார். அதற்கு மருந்து ஒரு பி.வி.சி. எல்போவும் மூன்றடி பைப்பும்தான். அந்தக் குழாயைக் கீழே வரை இறக்கி வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டால் அன்றைக்கே சுவர் காயத் தொடங்கும். இந்த மாதிரி ஒரு சின்ன வேலையை முதல் வாரத்திலேயே முடித்துக் காட்டுங்கள். பத்துக் கூட்டத்தில் வராத நம்பிக்கை அதில் வரும்.

செலவு யாருடையது என்ற சண்டை இங்கேதான் தொடங்கும். நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவைச் சுமக்க வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த நியாயத்தையே உங்கள் சந்துக்கும் வையுங்கள். குழாய் யாருடையதோ செலவு அவருடையது. வாய்க்கால் எல்லோருடையது, அதற்குப் பொதுப்பணம். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வாய்க்காலுக்குச் சரிவு இருக்கிறதா என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள். நூறு அடிக்கு ஓரடி இறக்கம் இருந்தால் நன்றாக ஓடும். உங்கள் எண்பது அடிக்குக் கிட்டத்தட்ட பத்து அங்குலம் வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லும் பேச்சை நம்பாதீர்கள். உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பல சந்துகளில் சரிவு சரியாகவே இருக்கும். நடுவில் யாராவது ஒருவர் தன் பின்வாசலுக்குப் படி கட்டும்போது வாய்க்காலின் மேல் சிமெண்ட் பூசியிருப்பார், அந்த இடத்தில் மேடு விழுந்து பின்னால் முழுக்கத் தேங்கும். முழு வாய்க்காலையும் உடைத்துக் கட்டத் தேவையில்லை, அந்த ஒரு மேட்டைச் செதுக்கினால் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீர் வரும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ஜல்லடை போடச் சொல்லுங்கள். வாய்க்காலில் அடைப்பது பெரும்பாலும் சோற்றுப்பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகின கட்டிதான்.

சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயம் உண்டு, அதையும் கேட்டாக வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்பி வழியும் தண்ணீரை ஏதாவது ஒரு வீடு வாய்க்காலில் விட்டிருக்கிறதா? பழைய வீடுகளில் இது சகஜம். அப்படி இருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள். அந்த வீட்டாரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். தனியாகப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் டேங்க் பல வருஷமாக எடுக்கப்படாமல் இருக்கும், அவ்வளவுதான். உரிமம் உள்ள கழிவுநீர் லாரியை வரவழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. பாதாள சாக்கடை உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். எந்தக் காரணத்துக்கும், எவ்வளவு பணம் கொடுப்பதாக இருந்தாலும், ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. 2013 சட்டத்தின்படி இறக்கியவர்கள் சிறைக்குப் போக வேண்டியிருக்கும். அதைவிட, உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைக் கொல்லும். இதில் விட்டுக்கொடுத்துப் பேசவே எனக்கு மனம் வராது.

குளிக்கும் தண்ணீரையும் துணி அலசும் தண்ணீரையும் செடிக்கு விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விடலாம், அளவு தெரிந்து விட வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் நாளுக்கு முன்னூறு, நானூறு லிட்டர் வந்துவிடும். பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரையும் ஒரு கல்வாழைப் பாத்தி குடிக்காது. சந்தின் தாழ்ந்த முனையில் இரண்டடி அகலம், ஆறடி நீளம், இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மணல் போட்டுக் கல்வாழையும் சேம்பும் வைத்தால் ஒரு வீட்டுத் தண்ணீரில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். இடம் இருந்தால் இரண்டு பாத்தி போடுங்கள். மீதித் தண்ணீர் வாய்க்காலில் போகட்டும். தண்ணீர் மணலுக்குக் கீழேயே ஓட வேண்டும், மேலே தெரிந்தால் கொசு வரும். போர்வெல் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு அதிகம், சோப்புத்தூளின் உப்பும் சேர்ந்தால் மண் இறுகிப்போகும். அதனால் மழை வராத மாதங்களில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிவிட வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. அதை ஒரு பக்கெட்டில் பிடித்தால் தொட்டிச் செடிகளுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

மாடியில் விழும் மழைநீரைச் சாக்கடையோடு கலக்காதீர்கள். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு இங்கே கட்டாயம். பல வீடுகளில் தொட்டி இருக்கும், மண் மூடிக் கிடக்கும். அதைத் தூர்வாரினாலே போதும். நம் பக்கத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் கொஞ்சமாவது பாலாறு வறண்ட ஊரின் நிலத்துக்குள் இறங்கட்டும். சந்து முழுக்க சிமெண்ட் தளம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால், ஓரத்தில் ஓரடியாவது மண்ணாக விடச் சொல்லுங்கள்.

குப்பைக்கு வருவோம். ஒரு காலத்தில் வேலூர்க் குப்பை சதுப்பேரியில் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. இப்போது வார்டுக்குள்ளேயே பிரித்து உரமாக்கும் முறைக்கு மாநகராட்சி வந்திருக்கிறது. குப்பையை வளமாகப் பார்க்கச் சொல்லி, வீட்டிலேயே பிரித்து வாங்கும் முறையை நாடெங்கும் கொண்டுபோனவர்களில் ஒருவர் நம் வேலூர் சீனிவாசன். சத்தீஸ்கரின் அம்பிகாபூர் நகரம் அந்த முறையில்தான் பேர் வாங்கியது. அவர் அழுத்திச் சொல்வது அழுகுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பது. அழுகிய குப்பையைத்தான் மனிதர் தொடக் கூசுவார்கள். காலையில் நறுக்கிய காய்த்தோல் காலையிலேயே வண்டிக்குப் போய்விட்டால் நாற்றமே கிடையாது. வீட்டிலேயே பிரித்து வையுங்கள்: மட்குவது தனி, மட்காதது தனி, நாப்கின் தனி, மருந்து, பல்பு போன்ற ஆபத்தானவை தனி. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் குறிவைத்துக் கொடுங்கள். பிரிக்கிறவர்களும் நம்மைப்போன்ற பெண்கள்தான். எரிப்பது கூடவே கூடாது. ஆறடிச் சந்தில் பிளாஸ்டிக் புகை பன்னிரண்டு வீட்டு ஜன்னலுக்குள்ளும் போகும்.

சந்திலேயே உரம் போடலாமா? குழி தோண்டிப் போடாதீர்கள், பெருச்சாளி வந்து வாய்க்கால் கரையையே குடைந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டு, செங்கல்மேல் ஏற்றி வைத்து, ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என்று போட்டு வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஆர்வமுள்ள ஒருவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் வண்டிக்கே கொடுத்துவிடுவது நல்லது. கறிக்கழிவும் மீன்கழிவும் டிரம்முக்கு வேண்டாம்.

சந்து முனையில்தான் எப்போதும் குப்பைமேடு உருவாகும், அங்கேதான் ஆண்கள் நின்று சிறுநீர் கழிப்பார்கள். சுவரில் சாமிப் படம் ஒட்டிய டைல்ஸ் பதிக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளையாரும் மெக்காவும் மேரி மாதாவும் வரிசையாகச் சாக்கடைக்குமேல் நிற்பது சாமிக்கும் மரியாதையில்லை, நமக்கும் மரியாதையில்லை. நாளைக்கு ஒரு டைல்ஸ் உடைந்தால் வீண் வம்பும் வரும். அந்த இடத்தில் ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு போடுங்கள், சுவருக்கு இடுப்புயரத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், தரையைத் தினமும் யாராவது ஒருவர் பெருக்கட்டும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் ஒதுங்க யாருக்கும் துணிவு வராது. படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு மானத்தை வாங்கும் பழக்கமும் வேண்டாம். அடிபட்ட அந்த வீடு அதற்கப்புறம் எந்த வேலைக்கும் வராது.

இப்போது செடி. உங்கள் செடிகள் காய்ந்ததற்கு முக்கியக் காரணம் மாதம். தையை ஒட்டி வைத்த செடி வேர் பிடிப்பதற்குள் மாசி, பங்குனி வெயில் வந்துவிடும். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான விஷயம். இரண்டு பக்கச் சுவரும் பகலெல்லாம் சூடேறி ராத்திரி முழுக்க அனலைக் கக்கும் சந்தில் அது இன்னும் கொடுமை. நமக்கு ஆடி, ஆவணியில் சாயந்திர இடிமழை உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. ஆடியில் வைத்தால் அடுத்த கோடைக்குள் ஏழெட்டு மாதம் கிடைக்கும். இப்போது வைகாசி. தண்ணீர் வேலையையும் கொத்தனார் வேலையையும் முடிக்க இந்தக் காய்ந்த நாட்கள்தான் சரி. ஆனியில் மண்ணைத் தயார் செய்யுங்கள். ஆடியில் நடுங்கள்.

செடி வாங்குவதற்கு முன் வெயில் எங்கே எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறடிச் சந்தில் நடுவில் உச்சிவேளையில் கொஞ்ச நேரம்தான் வெயில் இறங்கும், முனைகளில் அதிகம் இருக்கும். நடுவில் ஓமவல்லி, வெற்றிலை, சேம்பு, மணி பிளான்ட் போன்றவை நிழலிலேயே செழிக்கும். வெயில் விழும் இடத்தில் சங்குப்பூ, கோவை, முடக்கத்தான், பிரண்டை, கறிவேப்பிலை. பசலைக் கொடி இரண்டுக்கும் ஒத்துவரும். மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்தால் தொட்டிக்குப் போதும். சிமெண்ட் சாக்கில் வைக்காதீர்கள், ஒரு கோடையில் நைந்து கிழிந்து அதுவே குப்பையாகும். பழைய பெயிண்ட் பக்கெட்டை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செங்கல்மேல் வையுங்கள். கீரையும் மூலிகையும் தொட்டியில் மட்டும் இருக்கட்டும். சாக்கடைத் தண்ணீர் ஊறிய தரை மண்ணில் விளைந்ததைச் சாப்பிட வேண்டாம்.

ஆறடிச் சந்தில் மரம் வைக்காதீர்கள். அஸ்திவாரமும் வாய்க்காலும் தாங்காது. சந்து வாயில் தெரு அகலமாக இருந்தால் ஒரு புங்கன் வைக்கலாம். அந்த நிழலில் காய்கறி வண்டி நிற்கும், ஆட்கள் நிற்பார்கள், முனை தானாகச் சுத்தமாகும். கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொடியைச் சுவரில் படரவிடாமல் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிக் கம்பி கட்டி ஏற்றுங்கள், ஓதம் வராது. எல்லாச் செடியும் ஒரே பக்கம் இருக்கட்டும். குறைந்தது நாலடி வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வரும், ஸ்ட்ரெச்சர் வரும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கிப் போகவும் அதுதான் வழி. தரையை ஒட்டிப் புதராக விடாமல் அடியில் வெளிச்சம் தெரியும்படி கழித்துவிட்டால் பாம்பு, எலி பயம் இருக்காது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாள், எந்த நாளானாலும் சரி, தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட வேண்டும்.

பராமரிப்புக்கு நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்வது முறைவாசல்தான். ஒண்டுக்குடித்தன வீடுகளில் இன்றைக்கு உங்கள் முறை, நாளைக்கு எங்கள் முறை என்று வாசல் தெளித்த பழக்கம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு ஒரு வாரம் என்று வையுங்கள். அந்த வாரம் வாய்க்கால் ஜல்லடை, விளக்கு, தொட்டித் தண்ணீர் மூன்றும் அந்த வீட்டின் பொறுப்பு. பன்னிரண்டு வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும், யாருக்கும் பாரமில்லை. முறை அடுத்த வீட்டுக்குப் போகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பொருளை, வாய்க்கால் கொத்தியோ சாவியோ, கையில் கொடுத்து மாற்றுங்கள். ஆண்களும் இந்த முறைக்குள் வர வேண்டும். ஆயாவும் அக்காக்களும் மட்டுமே செய்கிற வேலையாக அது மாறிவிட்டால் ஒரு வருஷத்தில் நின்றுபோகும். பணம் வசூலித்தால் கணக்கை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

பெரிய செலவு, அதாவது வாய்க்காலைப் புதிதாகக் கட்டுவது, விளக்குக் கம்பம் போடுவது மாதிரியான வேலைகள் உங்கள் கைப்பணத்தில் ஆகாது. அதற்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். கவுன்சிலரிடம் நேரில் கேளுங்கள், பகுதி சபைக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுங்கள். 2022-லிருந்து கிராம சபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபை நடக்கிறது, நம் மக்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்தோடும் நீங்கள் வரைந்த குழாய்ப் படத்தோடும் போனால் வெறும் மனுவுக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கும்.

கடைசியாக மல்லி. வரும், ஆனால் நடுச்சந்தில் வராது. பூ வேண்டுமென்றால் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் கொடி மட்டும் ஓடும். வெயில் அதிகம் விழும் முனையில், பெரிய தொட்டியில், தண்ணீர் தேங்காத செம்மண் கலவையில் ஆடியில் வையுங்கள். முதல் வருஷம் பூவை எதிர்பார்க்க வேண்டாம், வளரவிடுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழி வாக்கிலும் தண்ணீரைக் குறைத்துக் கொடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் மாசி, பங்குனியில் மொட்டு கட்டும். சோப்புத் தண்ணீர் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது, ஏசித் தண்ணீரை அந்தத் தொட்டிக்கென்றே எடுத்து வையுங்கள்.